நிலப்படம் மக்கள் கைக்கு வரவேண்டும்

ஒரு நாட்டின் வரலாற்றை ஏடுகளில் மட்டும் தேடுவோர் அதன் ஒரு பாதியையே காண்பர். மறுபாதி பழைய நிலப்படங்களில் கிடக்கின்றது. அவற்றைப் படித்தறிவது அறிஞரின் பொழுதுபோக்கன்று. காணியும் கிணறும் உடைய ஒவ்வொரு விவசாயியின் உரிமைக் கருமமாகும்.

குறிஞ்சிப்பிட்டியை எடுத்துக்கொள்வோம். பெயரைக் கேட்டோர் மலைநாடென மயங்கக்கூடும். ஆனால் அது, மேற்கே கடலும் கிழக்கே புத்தளம் களப்பும் சூழ்ந்த கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்பாங்கான ஊர். இக்கரையின் அருமையை ஒல்லாந்தர் நன்கறிந்திருந்தனர். 1667 இல் கற்பிட்டியிலே கோட்டை கட்டத் தொடங்கி 1676 இல் முடித்தனர். புத்தளத்தின் வழியே நடந்த கண்டியரசின் வாணிபத்தைத் தம் பிடிக்குள் வைத்திருப்பதே அவர்தம் நோக்கம். அந்த நோக்கத்துக்கு வேண்டியவை படத்தில் ஏறின. ஏழையின் தோட்டமும் துரவும் ஏறவில்லை. படத்தில் இல்லாதது நிலத்திலும் இல்லை என்று முடிவுகட்டுவது பேதைமையன்றோ!

இப்பேதைமையே பின்னர் சட்டமாயிற்று. ஆங்கிலேயர் 1800 இல் நில அளவைத் திணைக்களத்தை நிறுவினர். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டமோ, காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலமெல்லாம், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியதென்றது. நிரூபிக்கும் பாரம் குடியானவன் தலையில் விழுந்தது. படமும் பத்திரமும் இல்லாதவன் எதைக்கொண்டு நிரூபிப்பான்?

ஆயினும், இம்மண்ணை நம்மவர் கண்கொண்டு பதிந்தவர் ஒருவர் இருந்தார். 1807 இல் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கையின் ஊர்களையும் இடங்களையும் அகரவரிசையில் விளக்கி, 1834 இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். ஒல்லாந்தர் படத்தையும், காசிச்செட்டியின் நூலையும், ஆங்கிலேயர் காலத்து அங்குலத்துக்கு ஒரு மைல் படத்தையும், இன்றைய செய்மதிப் படத்தையும் அருகருகே விரித்துப் பார்க்கட்டும். கரை எங்கே நகர்ந்தது, கண்டற்காடு எங்கே குறைந்தது, பழைய வண்டிப்பாதை எவ்வழி சென்றது என்பனவற்றை ஊராரே ஆராய்ந்தறியலாம்.

இதனால் வயிறு நிறையுமோ என்று கேட்போர்க்கும் விடையுண்டு. இக்குடாநாட்டின் நன்னீர், மழையால் ஊறி, உப்புநீரின்மேல் மிதக்கும் மெல்லிய படலமாக மணலுக்குள் நிற்பது. அளவுமீறி இறைத்தால் உவர் ஏறும். அளவுமீறி இட்ட பசளை கிணற்றில் இறங்கும். மழைநீர் தங்கிய பள்ளங்கள் முன்னர் எங்கிருந்தன என்றறிந்தால், எவற்றைத் தூர்க்கலாகாது என்பதும் விளங்கும். நுரைச்சோலையில் 2011 இல் அனல்மின் நிலையத்தின் முதற்பகுதி இயங்கத் தொடங்கியது. கற்பிட்டித் தீவுகளுக்கு உல்லாசப் பயணத் திட்டங்கள் வகுக்கப்பட்டன. பெருந்திட்டமெதுவும் முதலிற் படத்தின்மேலேதான் வரையப்படுகின்றது. அதனைப் படிக்கத் தெரியாதவன், வேலி நாட்டப்பட்ட பின்னரே விழித்துக்கொள்கிறான்.

ஒன்றை வற்புறுத்த விரும்புகிறோம். பழைய படம் அயலவனை விரட்டும் ஆயுதமாகக் கூடாது. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர் புத்தள மாவட்டத்தில் தஞ்சம் புகுந்தனர். அவர்களது வீடுகள் பழைய படங்களில் இரா. அதனால் அவர்தம் உரிமை குறைந்துவிடாது. படத்தில் இல்லாதவன் மனிதனல்லன் என்ற அன்னியரின் கணக்கை நாமும் போடலாமோ?

நாம் கேட்பது பெரிதன்று. நில அளவைத் திணைக்களத்திலும் தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் உள்ள இப்பகுதிப் படங்களின் பிரதிகள் கற்பிட்டிப் பிரதேச செயலகத்திலும் பாடசாலைகளிலும் வைக்கப்படவேண்டும். புதிய திட்டம் எதுவாயினும் அதன் படம் தமிழ் விளக்கத்துடன் முன்கூட்டியே மக்கள் பார்வைக்கு வரவேண்டும். கற்றோர்க்கும் கடமையுண்டு. நில அளவையாளரும் வழக்கறிஞரும் ஆசிரியரும் விடுமுறை நாளொன்றில் படத்தோடு ஊருக்குள் நடக்கட்டும். முதியோரும் மீனவரும் சொல்லும் மேடு, பள்ளம், கேணி, ஒழுங்கை ஆகியவற்றின் பெயர்களைக் குறித்துக்கொள்ளட்டும். முதியோர் மறைந்தபின் அப்பெயர்களை எந்தத் திணைக்களத்திலும் தேடிப் பெறமுடியாது.

அன்னியர் தம் தேவைக்கு வரைந்தனர். இனி நம் தேவைக்கு நாமே வரைவோம்.