லோமே வழியாக

ஆப்பிரிக்காவில் அண்டை நாட்டுக்குப் போகவும் பாரிஸைச் சுற்றிப் போக நேர்ந்த காலம் ஒன்று உண்டு. எஜமானர்கள் போன பின்பும் ஆகாய வழிகள் அவர்கள் வாசலிலேயே கிடந்தன! 1946-ல் பறக்கத் தொடங்கிய எத்தியோப்பிய விமான ஸ்தாபனத்துக்கோ வேறொரு சங்கடமும் இருந்தது. அடிஸ் அபாபா விமான நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் 2,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்று மெலிந்த அவ்விடத்தில், அமெரிக்கா வரைக்கும் வேண்டிய எண்ணெயையும் முழுச் சுமையையும் ஒருங்கே தாங்கி விமானம் எழும்புவது துர்லபம்.

ஆகவே, டோகோ நாட்டுக் கடற்கரைப் பட்டணமான லோமேயைத் துணைக் கேந்திரமாக்கி, 2016-ல் அங்கிருந்து நியூயார்க்கை அடுத்த நெவார்க்குக்கு விமானம் விட்டார்கள். (நம் பள்ளிக்கூடத்துப் பூகோளப் படத்தில் லோமேயைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும்.) 2010 முதலே அஸ்கை என்னும் கூட்டு ஸ்தாபனம் மேற்கு ஆப்பிரிக்கப் பிரயாணிகளை லோமேயில் கொண்டு சேர்த்து வந்தது. எண்ணெய்க்காக இறங்கிய ஊரில் ஜனங்களும் ஏறிக்கொண்டார்கள்.