மேடை யாருக்கு? கல்லூரிக் கலைவிழாக்களும் நம் கடலோரப் பிள்ளைகளும்



அண்மையில் நம் பங்கைச் சேர்ந்த கல்லூரி மாணவன் ஒருவன் மாலைத் திருப்பலிக்குப் பின் நம்மைச் சந்தித்தான். அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். அம்மா காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவர். கல்லூரிக் கலைவிழாவுக்குப் பாட்டுத் தேர்வு நடந்ததாம். மெல்லிசை, கர்நாடக இசை, மேற்கத்திய இசை என்று மூன்று பிரிவுகள். 'கானா பாடலாமா?' என்று கேட்டிருக்கிறான். 'அதெல்லாம் சாவு வீட்டுப் பாட்டுப்பா' என்று பதில் வந்திருக்கிறது. அவன் நம்மிடம் கேட்டான்: "ஃபாதர், எங்க ஆயா செத்தப்போ தெருவே அழுத பாட்டு, காலேஜ்ல மட்டும் ஏன் பாட்டு இல்ல?"

உடனே நம்மால் பதில் சொல்ல இயலவில்லை. ஆனால் அந்தக் கேள்வி, சென்னையில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு நிகழ்வை நமக்கு நினைவூட்டியது.

1925-இல் இயேசு சபையினர் நுங்கம்பாக்கத்தில் தொடங்கிய இலயோலா கல்லூரியில், மாற்று ஊடக மையத்தின் முயற்சியால் வீதி விருது விழா நடைபெற்றது. பறை, தெருக்கூத்து, கரகம், ஒயிலாட்டம் என்று வீதியையே மேடையாகக் கொண்டு வாழும் நாட்டுப்புறக் கலைஞர்களைக் கல்லூரி வளாகத்துக்குள் அழைத்து மரியாதை செய்வதே அதன் நோக்கம். 2019 ஜனவரி 19, 20 ஆகிய நாள்களில் நடந்த விழாவில் ஓர் ஓவியக் கண்காட்சியும் வைக்கப்பட்டிருந்தது. அதிலிருந்த சில ஓவியங்கள் இந்து சமயச் சின்னங்களை இழிவுபடுத்துவதாகக் கண்டனம் எழுந்தது. பாரதிய ஜனதா கட்சியினரும் இந்து அமைப்பினரும் எதிர்த்தனர். காவல்துறையிடம் புகார் சென்றது. கல்லூரி வருத்தம் தெரிவித்தது; ஓவியங்கள் அகற்றப்பட்டன.

வருத்தம் தெரிவித்தது சரியா? நம் மக்களிடையே அன்று இரு கருத்துகள் இருந்தன. சமூக அநீதியைக் கண்டிக்கும் ஓவியத்துக்கு எதற்கு மன்னிப்பு என்றனர் சிலர். சிறுபான்மையினரான நமக்கு ஏன் இந்த வம்பு என்றனர் வேறு சிலர். இந்த இரண்டாவது கருத்து அச்சத்திலிருந்து பிறப்பது. அதை நாம் ஏற்பதற்கில்லை. சிலைகளுக்குப் படைத்த இறைச்சி பற்றிய சிக்கல் கொரிந்து நகரில் எழுந்தபோது பவுலடியார் என்ன சொன்னார்? உண்ண உரிமை உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் தன் உரிமை அடுத்தவரின் மனச்சான்றுக்கு இடறலாகுமானால் அதை விட்டுக்கொடுக்கத் தயார் என்றார். அயலார் புனிதமாகப் போற்றுவதைக் காயப்படுத்தியிருந்தால் வருத்தம் தெரிவிப்பது கோழைத்தனமல்ல, அன்பின் கடமை. நம் மாதாவின் சுரூபத்தை யாராவது இழிவுபடுத்தினால் நமக்கு எப்படி வலிக்கும் என்று எண்ணிப் பார்த்தாலே இது விளங்கும்.

ஆனால் அந்த நாள்களில் இன்னொரு இழப்பும் ஏற்பட்டது. அதைப் பற்றி எவரும் பேசவில்லை. ஊர் ஊராக அங்கு வந்து பறையடித்தவர்களும் கூத்தாடியவர்களும் செய்திகளில் காணாமற்போனார்கள். அவர்களுக்காக நடந்த விழா, அவர்களைத் தவிர மற்ற எல்லாரையும் பற்றிய விவாதமாக முடிந்தது.

எளியவரின் கலைக்கு மேடை கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்திலுள்ள சி.எஸ்.ஐ. பெயின்ஸ் பள்ளித் திடலில் 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர் முதல் முறையாகப் பாடினர். வடசென்னையின் கானா அங்கே சாதிக்கு எதிரான குரலாக ஒலித்தது. சட்டம் படித்த கானா பாலாவை 2012-இல் வந்த 'அட்டகத்தி' திரைப்படம் தமிழகமெங்கும் கொண்டு சேர்த்தது. சாவுக்கு மட்டும் உரியது என்று ஒதுக்கப்பட்ட பறைக்காக, 2025-இல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

கானாவெல்லாம் குற்றமற்றது என்று நாம் சொல்ல வரவில்லை. பெண்களை இழிவாகப் பேசும் பாட்டும், கத்தியைப் பெருமையாகப் பேசும் பாட்டும் நம் தெருக்களிலேயே ஒலிக்கின்றன. பேருந்திலும் மின்சார ரயிலிலும் தாளம் போட்டுப் பாடும் மாணவர்களிடையே 'ரூட்டு தல' என்ற பெயரில் மோதல்கள் நடப்பதை அறிவோம். 2024 அக்டோபரில் சென்ட்ரல் ரயில் நிலையத்தருகே வேறொரு கல்லூரி மாணவர்களால் தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் உயிரிழந்தார். மகனைப் படிக்க அனுப்பிய ஒரு தாய் அவனைப் பிணமாகப் பெற்றாள். மேடை கிடைக்காததுதான் இதற்குக் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் நல்லது எது, கெட்டது எது என்று பிரித்துக் காட்ட ஓர் ஆசிரியர் முன்னே இருப்பது மேடையில்தான்; ரயில் படிக்கட்டில் அல்ல. வளாகம் வெளியே தள்ளும் பாட்டுக்கு அங்கே வழிகாட்ட யாரும் இல்லை.

கல்லூரிகளை மட்டும் குறைசொல்லி என்ன பயன்? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டில், மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்பும் தகுந்த இடமும் தர வேண்டும் என்று பணித்தது. அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. நம் ஆலயத் திருவிழாவில் இசைக்குழுவுக்குப் பணம் ஒதுக்குகிறோம். நம் தெருவில் பிறந்த பாடகனுக்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கினோமா? அடக்கச் சடங்குக்குப் போகும்போது, 'முதலில் அந்தப் பாட்டை நிறுத்துங்கள்' என்று நாமும் சொல்லியிருக்கிறோம். இறந்தவரின் உழைப்பையும் பாசத்தையும் பெயர் சொல்லிப் பாடிய அந்த வரிகளைக் காது கொடுத்துக் கேட்காமலேயே சொல்லியிருக்கிறோம். அந்த மாணவனுக்கு உடனே பதில் சொல்ல இயலாமற்போனதன் காரணம் இதுதான்.

எனவே நாம் செய்யக்கூடியவை சில உண்டு. அடுத்த பங்குத் திருவிழாவில் ஒரு மாலை நம் பிள்ளைகளின் கலைக்கு உரியதாகட்டும். பாடல் வரிகளை இளையோர் குழுவே முன்கூட்டி அமர்ந்து ஆராயட்டும். கல்லூரிகளில் பணியாற்றும் நம் பங்குமக்கள், தேர்வுப் பட்டியலில் நான்காவது பிரிவு ஒன்றைச் சேர்க்கக் குரல் கொடுக்கட்டும். பெற்றோரே, உங்கள் பிள்ளை மேடையேறும் நாளில் ஏலக் கூடத்திலிருந்து நேராகவே போய் முன்வரிசையில் அமருங்கள். மீன் வாசனைக்காக வெட்கப்பட வேண்டாம்.

நாசரேத்தின் பெயரைக் கேட்டதும், அங்கிருந்து நல்லது ஏதும் வருமா என்று ஐயுற்றார் நத்தனியேல். பிலிப்பு வாதிடவில்லை, வந்து பார்க்கும்படி அழைத்தார். காசிமேட்டைப் பற்றியும் அதே ஐயம் இந்நகரில் உண்டு. வந்து பாருங்கள் என்று அழைக்க நம் பிள்ளைகளுக்கு ஒரு மேடை வேண்டும். அதை முதலில் நம் ஆலய வளாகத்திலேயே போடுவோமா?