வளர்புகழன்

இரசுத்திசுலாவு என்பது சுலாவிய மக்களிடை வழங்கும் ஓர் ஆண்பாற்பெயர். இவான், பேதுரு, மிகாயில் என வீட்டுக்கு வீடு ஒலிக்கும் பெயர்களோடு ஒப்பிடின் அருகிய வழக்கினது. சுலோவாக்கியர் இங்ஙனம் ஒலிக்க, செக்கரும் உருசியரும் உரோசுத்திசுலாவு என்பர். முன்னுள்ளது வளர்தலைக் குறிக்கும் வினை. பின்னுள்ள 'சுலாவா' புகழ். கூட்டி உரைப்பின் 'வளர்புகழன்' எனத் தமிழில் வினைத்தொகையாகவே அமைந்துவிடுகின்றது.

'சுலாவா'வும், சொல் எனப் பொருள்படும் 'சுலோவோ'வும் கேட்டற்பொருள் தரும் ஒரே வேரிற் கிளைத்தவை. வடமொழியின் 'சிரவசு', கிரேக்கத்தின் 'கிளெயோசு' ஆகியனவும் அவ்வேரினவே. பலர் வாய்ச்சொல்லாய்க் கேட்கப்படுவதுதானே புகழ்! சுலாவியர் என்னும் இனப்பெயர்க்கும் 'சொல்லுடையார்' என்றே மொழிநூலார் பலர் பொருள் காண்பர். தம் மொழி அறியாத செருமானியரை அம்மக்கள் 'ஊமையர்' என்னும் பொருள்படவே அழைத்தனர். இது சற்று மிகைதான். ஆயினும் மொழியே இனம் என்று அவர்கள் கருதியமை இதனாற் புலனாகும்.

இப்பெயர்க்குப் பெருமை சேர்த்தவன் 846 முதல் 870 வரை மொராவியாவை ஆண்ட மன்னன். அவன் நாட்டிற் கிறித்தவம் முன்னரே புகுந்திருந்தது. பிராங்கியக் குருமார் இலத்தீனில் ஓதினர். மக்கள் பொருள் விளங்காது நின்றனர். 862-இல் அம்மன்னன் பைசாந்தியப் பேரரசன் மூன்றாம் மிக்கேலிடம் தூது விடுத்து, தம் மக்கள் மொழியிற் கற்பிக்க வல்ல ஆசிரியரை வேண்டினான். பிராங்கியர் பிடியைத் தளர்த்தும் அரசியல் நோக்கமும் அதன்கண் இருந்தது என்பர். இருக்கட்டுமே! பிடியைத் தளர்த்த எண்ணியவன் மொழியிலிருந்து தொடங்கினானே, அதுவன்றோ அறிவுடைமை!

863-இல் கான்சுதந்தீன், மெத்தோதியு என்னும் உடன்பிறந்தார் இருவர் வந்தனர். பின்னாளிற் சிரில் எனப் பெயர்பெற்ற கான்சுதந்தீன் சுலாவிய மொழிக்கெனவே எழுத்து வகுத்தார். எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் ஆகிய மூன்றே இறைவனைப் போற்றத் தக்கன என்று வெனிசு நகரிற் குருமார் எதிர்த்தபோது அவர்களோடு சொற்போர் புரிந்தார். உரோமைத் தலைமைக்குரு இரண்டாம் அதிரியன் சுலாவிய வழிபாட்டிற்கு இசைவளித்தார்.

மன்னனை வீழ்த்தியவன் அயலான் அல்லன். உடன்பிறந்தான் மகனாகிய சுவாதோப்புலுக்கு 870-இல் அவனைப் பிடித்துப் பிராங்கியரிடம் ஒப்படைத்தான். அவர்கள் அவன் கண்களைப் பறித்துச் சிறையிலிட்டனர். 885-இல் மெத்தோதியு மறைந்தபின் அவர்தம் மாணாக்கரும் துரத்தப்பட்டனர். பல்கேரியா அவர்களை ஏற்றது, எழுத்து பிழைத்தது.

பெயர் வெறும் அடையாளந்தானே, எதுவாயின் என் என்பார் எந்நாட்டிலும் உளர். அங்ஙனமாயின், திருமுழுக்கின்போது விளாதிமிர் என்னும் கீவு மன்னனுக்கு வாசிலி என்னும் கிரேக்கப் பெயரும், அவன் மகன் யாரோசுலாவுக்குக் கியோர்கி என்பதும் சூட்டப்படுவானேன்? மன்னர்க்கு இரு பெயர் இருந்தன. குடிமக்களிடையோ காலப்போக்கில் தூயர் பட்டியலிலுள்ள பெயர்களே நிலைத்தன. பழம்பெயர்கள் பல அங்ஙனம் மறைந்தன. பொருள் விளங்கும் பெயர் போய்ப் பொருள் விளங்காப் பெயர் வந்ததை வளர்ச்சி என்பது எங்ஙனம் பொருந்தும்?

சுலோவாக்கிய இளைஞர் இதனை உணர்ந்தனர். 1836 ஏப்பிரல் 24-இல் உலுதோவித்து இசுத்தூர் தலைமையில் அவர்கள் தேவீன் குன்றேறினர். 864-இல் இரசுத்திசுலாவு முற்றுகையிடப்பட்ட கோட்டை அதுவே என்பது பலர் முடிபு. அவ்விடத்தே ஒவ்வொருவரும் சுலாவியப் பெயர் பூண்டனர். இசுத்தூர் வெலிசுலாவானார், ஊர்பன் மிலோசுலாவானார். எள்ளியோர் இருந்திருப்பர். ஆயின் அவ்விசுத்தூரே 1843-இல் தோழர்களோடு கூடிச் சுலோவாக்கிய எழுத்துமொழிக்கு வரம்பு கட்டினார் என்பதை மறத்தலாகாது.

1880-இற் பிறந்து, வானூலறிஞராகவும் படைத்தலைவராகவும் விளங்கி, 1918-இற் செக்கோசுலோவாக்கியா தோன்ற உழைத்த மிலான் இரசுத்திசுலாவு இசுத்தெபானிக்கு இப்பெயர் தாங்கியவரே. கண்ணிழந்து சிறையிற் கிடந்த அப்பழைய மன்னனைச் செக்கு, சுலோவாக்கிய நாடுகளின் மரபுவழித் திருச்சபை 1994-இல் தூயர் வரிசையிற் சேர்த்துக்கொண்டது.