பூட்டு போட்ட ரூமுல ஒரு பி.பி.சி. மைக்ரோ

டிஸ்கி: இது கொஞ்சம் சூடான பதிவு. கொஞ்சம் டெக்னிக்கலாவும் இருக்கும். பொறுமை இருக்கறவங்க மட்டும் உள்ள வாங்க :-)

போன வாரம் ஆபீஸ் கேண்டீன்ல உக்காந்து ஸ்பெக்ட்ரம் எமுலேட்டர்ல எதையோ நோண்டிக்கிட்டிருந்தேன். பக்கத்து டீம் நண்பர் எட்டிப் பார்த்துட்டு, "ஏம்ப்பா, இது 1982-ல வந்த டப்பா. இதோட ட்ரிக்கைக் கத்துக்கிட்டு எந்த கிளையண்ட்டுக்கு விக்கப் போற? இப்பல்லாம் மெமரி பத்தலைன்னா இன்னும் கொஞ்சம் வாங்கிப் போட்டுக்கலாம்ப்பா"ன்னார். சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சு வெச்சேன். அம்பத்தூர்லேருந்து ஆவடி வரைக்கும் ட்ராஃபிக்ல ஊர்ந்து வரும்போதுதான் வயிறு எரிய ஆரம்பிச்சது. அங்க சொல்ல வேண்டிய பதிலை இங்க சொல்றேன்.

முதல்ல அந்த 'டப்பா' என்ன பண்ணும்னு பார்த்துடலாம். ஸெட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம்ல இருக்கறது 3.5 மெகாஹெர்ட்ஸ் ஸெட்80 ப்ராசசர். ஸ்க்ரீன் படத்துக்கு 6144 பைட், கலருக்கு 768 பைட். எட்டுக்கு எட்டு புள்ளிக் கட்டம் ஒண்ணுக்கு ரெண்டே கலர்தான். அதனால ஒரு பொம்மை இன்னொரு பொம்மைக்குப் பக்கத்துல போனா கலர் ஒட்டிக்கும். டிவியில ஒரு ஃப்ரேம் மாறுறதுக்குள்ள ப்ராசசருக்குக் கிடைக்கறது 69,888 துடிப்பு. மெமரியை நகர்த்தறதுக்குன்னே இருக்கற ஆர்டரைப் போட்டா பைட்டுக்கு 21 துடிப்பு ஆகும். 6144 பைட்டை அதால பெருக்கிப் பாருங்க, 1,29,024. ஒரு ஃப்ரேமுக்குள்ள முடியவே முடியாது.

அப்ப பசங்க என்ன பண்ணாங்க தெரியுமா? ஸ்டாக் பாயிண்ட்டரைத் தூக்கி ஸ்க்ரீன் மெமரியிலயே வெச்சாங்க. புஷ் பண்ணா 11 துடிப்புல ரெண்டு பைட் போய் விழும். ரெஜிஸ்டர்ல டேட்டா ஏத்தற நேரம் தனி, ஆனாலும் ஜெயிச்சாச்சு. ஒரே ஒரு வில்லங்கம், நடுவுல இன்டரப்ட் வந்தா திரும்பிப் போற அட்ரஸும் ஸ்க்ரீன்லயே புள்ளி புள்ளியா விழுந்துடும். அதனால இன்டரப்ட்டை நிறுத்திட்டுதான் இந்த வேலையைப் பண்ணணும். ஸ்டாக்னா என்னன்னு நானும் காலேஜ்ல பத்து மார்க் கொஸ்டினுக்கு மனப்பாடம் பண்ணி எழுதினேன். புரிஞ்சது இந்த இடத்துலதான்.

இது எந்த கிளையண்ட்டுக்கு உதவும்னு கேட்டாரில்ல? போன வருஷம் எங்க ப்ராஜெக்ட்ல ஒரு ஜாப் 40 நிமிஷம் ஓடிக்கிட்டிருந்துச்சு. எல்லாரும் சொன்ன தீர்வு, பெரிய சர்வர் வாங்கறது. நான் உள்ள போய்ப் பார்த்தா, மெமரியில வரிசையா இருக்கற டேட்டாவை லூப் குறுக்குவாட்டுல தாவித் தாவிப் படிச்சுக்கிட்டிருக்கு. உள் லூப்பையும் வெளி லூப்பையும் இடம் மாத்தினேன். 6 நிமிஷம். இதை எனக்கு எந்த ட்ரெய்னிங்லயும் சொல்லித் தரலை. அந்த டப்பாதான் சொல்லித் தந்தது.

இதோட நிறுத்தினா இது சாதாரண 'அந்தக் காலத்துல நாங்கல்லாம்' பதிவாயிடும். எனக்கு அந்தக் கோஷ்டி மேலயும் கடுப்பு இருக்கு. அந்தக் காலத்து ப்ரோகிராமர்லாம் தெய்வம், இந்தக் காலத்துப் பசங்க சோம்பேறின்னு ஒரு கூட்டம் கிளம்பியிருக்கு. அதுவும் பொய். சொல்றேன்.

இங்கிலாந்துல 1981-ல வந்த இன்னொரு மெஷின் பி.பி.சி. மைக்ரோ. 2 மெகாஹெர்ட்ஸ் 6502, மாடல் பி-ல 32 கே.பி. மெமரி. நல்ல கிராஃபிக்ஸ் மோடு போட்டா அதுல 20 கே.பி.யை ஸ்க்ரீனே தின்னுடும். டேவிட் ப்ராபென், இயன் பெல்னு ரெண்டு காலேஜ் பசங்க 1984-ல இதுலதான் 'எலைட்' கேமை எழுதினாங்க. டிவி மேலிருந்து கீழ படத்தை வரைஞ்சுட்டு வரும்போதே, டைமர் வெச்சு நடுவழியில ஸ்க்ரீன் மோடை மாத்திட்டாங்க. மேல கூர்மையான கோட்டுப் படம், கீழ கலர் டேஷ்போர்டு! எட்டு கேலக்ஸி, ஒவ்வொண்ணுலயும் 256 நட்சத்திரம். எதையும் சேமிச்சு வெக்கலை. ஆறு பைட் விதையிலேருந்து கணக்குப் போட்டு அப்பப்ப முளைக்க வெச்சாங்க.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். இதே பி.பி.சி. மைக்ரோ இந்தியாவுக்கும் வந்துச்சு மக்களே! 1984-ல மத்திய அரசு ஆரம்பிச்ச 'கிளாஸ்' திட்டத்துல, முதல் கட்டமா சுமார் 250 பள்ளிகளுக்கு இந்த மெஷினைத்தான் கொடுத்தாங்க. மொஹாலியில இருந்த அரசு நிறுவனம் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் இதோட இந்தியப் பதிப்பையே தயாரிச்சது. டெசிபெல்ஸ்னு ஒரு கம்பெனி ஸ்பெக்ட்ரம் ப்ளஸ்ஸை இங்கயே போட்டது. ஆக, 'மெஷினே வரலை'ங்கற சாக்கு செல்லாது.

எங்க மாமா படிச்ச ஸ்கூல்ல அந்த மெஷின் இருந்துச்சு. ஸ்கூல் பேர் வேண்டாம். அவர் சொன்ன கதை இது. ஏ.சி. போட்ட ரூம். செருப்பை வெளிய கழட்டி விடணும். வாரத்துக்கு ஒரு பீரியடு, ஒரு மெஷினுக்கு அஞ்சு பேர். சார் போர்டுல எழுதிப் போடறதை மட்டும்தான் அடிக்கணும். மாமா ஒருநாள் போர்டுல இல்லாத எதையோ அடிச்சுப் பார்த்திருக்கார். முட்டி போட வெச்சுட்டாங்க. மேனுவல் பீரோவுக்குள்ள. பீரோ சாவி ஹெட்மாஸ்டர்கிட்ட.

அந்த மேனுவல்ல என்ன இருந்துச்சு தெரியுமா? வி.டி.யு. 23-னு ஒரு கமாண்ட். அதுக்கப்புறம் எழுத்தோட நம்பரும் எட்டு எண்ணும் கொடுத்தா, நாமளே ஒரு எழுத்தை வரைஞ்சுக்கலாம். 224-லேருந்து 255 வரைக்கும் 32 எழுத்துக்கு இடம் ரெடியா இருக்கும். இதைப் பாருங்க:

வி.டி.யு. 23,224,192,192,192,192,192,192,255,255

192-ன்னா இடது ஓரத்துல ரெண்டு புள்ளி. 255-ன்னா முழு வரி. ஆறு வரி செங்குத்தா இறங்கி, கீழ ரெண்டு வரி படுக்குது. என்ன எழுத்து? 'ட'! 192-ஐ 195-ன்னு மாத்துங்க, வலது ஓரத்துலயும் சுவர் எழும்பிடும். அது 'ப'. நம்ம எழுத்து எல்லாமே எட்டுப் புள்ளிக்குள்ள அடங்காது, 'ணை'க்கெல்லாம் ரெண்டு கட்டம் வேணும். மோடு 7-ல இந்த வேலை நடக்காது, அங்க எழுத்தெல்லாம் டெலிடெக்ஸ்ட் சிப்புக்குள்ளயே அச்சடிச்சு வெச்சது. வேற மோடுக்குப் போகணும். ஆனா இந்தத் தகராறுகளோட மல்லுக்கட்டறதுதானே படிப்பு?

80கள்ல ஒரு பதினாறு வயசுப் பையன், மெட்ராஸ்ல, ஸ்கூல் கம்ப்யூட்டர்ல தன் பேரைத் தமிழ்ல பார்த்திருக்கலாம். அதுக்கு வேண்டிய மெஷின் இருந்துச்சு, மேனுவல் இருந்துச்சு, பையனும் இருந்தான். நடுவுல ஒரு பூட்டும் இருந்துச்சு.

'அவங்க கேம்ப்ரிட்ஜுப்பா, நம்ம பசங்களுக்கு அந்த மூளை ஏது'ன்னு கிளம்பறவங்களுக்கு எங்க மாமாவையே உதாரணம் காட்டறேன். அவர் முப்பது வருஷமா அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் ஓட்டறார். தேய்ஞ்சுபோன மெஷின்ல ஹேண்டிலைத் திருப்பினா முதல்ல கொஞ்சம் சும்மா சுத்தும், அப்புறம்தான் ஸ்லைடு நகரும். அதனால எப்பவும் கொஞ்சம் தாண்டிப் பின்னாடி போயிட்டு, ஒரே பக்கத்துலேருந்து அளவுக்கு வருவார். எந்த ஹேண்டில் எவ்வளவு ஏமாத்தும்னு கைக்குத் தெரியும். இதுவும் ஹார்ட்வேர் கோளாறை ஜெயிக்கற ட்ரிக்தானே சாமி? புஷ் பண்ண பையனுக்கும் எங்க மாமாவுக்கும் மூளையில வித்தியாசம் கிடையாது. லேத் தினம் எட்டு மணிநேரம் அவர் கையில இருந்துச்சு. கம்ப்யூட்டர் இல்லை. அவ்வளவுதான்.

விலை, கரண்ட், இங்கிலீஷ்னு வேற காரணங்களும் உண்டு, ஒத்துக்கறேன். வீட்டுல வாங்கற வசதி இங்க எத்தனை பேருக்கு இருந்துச்சு? ஆனா பூட்டைப் போட்டது வறுமை இல்லை. 'கெட்டுப் போயிடும்'ங்கற பயம்.

இதை ஏன் இப்ப சொல்றேன்? 2011-ல தமிழ்நாடு அரசு ப்ளஸ் டூ பசங்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பிச்சப்ப, நம்ம ஐ.டி. ஆளுங்கதான் முதல்ல நக்கலடிச்சாங்க. 'படம் பார்ப்பானுங்க, வித்துடுவானுங்க.' 2025 பட்ஜெட்ல கல்லூரி மாணவர்களுக்கு மறுபடி அறிவிச்சப்பவும் அதே நக்கல். ஆமாங்க, படம் பார்த்தோம். நானும் அந்த லேப்டாப் வாங்கினவன்தான், பார்த்தேன். இங்கிலாந்துல மட்டும் என்ன, 'பையன் படிக்கட்டும்'னு வாங்கிக் கொடுத்த மெஷின்ல பாதிப் பேர் கேம்தான் ஆடினான். ஆடி அலுத்தவன் உள்ள என்ன இருக்குன்னு பார்த்தான். நானும் படம் பார்த்து அலுத்தப்புறம்தான் எமுலேட்டரை இறக்கினேன். ராத்திரி பதினோரு மணிக்கு, யார்கிட்டயும் பெர்மிஷன் கேக்காம, தப்புத் தப்பா அடிச்சுப் பார்க்க ஒரு மெஷின். வீட்டுக் கம்ப்யூட்டர்ங்கற வார்த்தைக்கு அர்த்தமே அதுதான். நம்ம ஊருக்கு அது முப்பது வருஷம் லேட்டா வந்துச்சு. அதையும் கிண்டல் பண்ணிட்டிருக்கோம்.

அதனால பதிவுலக நண்பர்களே, ரெண்டே விஷயம். உங்க பக்கத்து ஸ்கூல்ல கம்ப்யூட்டர் லேப் பூட்டியே கிடந்தா, போய் ஏன்னு கேளுங்க. ஒரு சனிக்கிழமை நீங்களே உக்காந்து பசங்களை நோண்ட விடுங்க, கெட்டுப் போனா சரி பண்ணிக்கலாம். ரெண்டாவது, உங்களுக்குத் தெரிஞ்ச ட்ரிக் எதுவா இருந்தாலும் தமிழ்ல எழுதி வைங்க. பீரோவுக்குள்ள இருக்கற மேனுவலை வெளிய எடுக்கற வேலைதான் அதுவும்.

பி.கு.: ஞாயித்துக்கிழமை மாமா வீட்டுக்கு வந்திருந்தார். பி.பி.சி. எமுலேட்டரைப் போட்டு மேல இருக்கற வரியை அவரையே அடிக்கச் சொன்னேன். ஒத்த விரலால தேடித் தேடி அடிச்சார். ஸ்க்ரீன்ல 'ட' வந்துச்சு. கொஞ்ச நேரம் பேசாம பார்த்துட்டிருந்தார். அப்புறம் கேட்டார், "இது அப்பவே அந்த மெஷின்ல இருந்துச்சாடா?"

இருந்துச்சு மாமா.