பெயரற்ற பூக்களின் படங்களும் நமது இயற்கை நேசமும்

 

"காட்டையும் மலரையும் அழகுறப் படமெடுத்துக் காட்டினால் மக்களுக்கு இயற்கைமீது நேசம் பிறக்கும், நேசம் பிறந்தால் காடு பிழைக்கும்." நமது கல்லூரிகளிலும் ஆய்வுத் துறைகளிலும் எவரும் மறுக்காமல் உலவிவரும் கூற்று இது. இதன் பெயரால் போட்டிகள் நடக்கின்றன, நாட்காட்டிகள் அச்சாகின்றன, மாணவர்க்குப் பரிசுகள் வழங்கப்படுகின்றன. இக்கூற்று அரைகுறை உண்மை என்பதும், நமது மலைகளைப் பொறுத்தவரை அது தீங்கு விளைவிப்பது என்பதும் என் வாதம்.

மைசூரிலிருந்து உதகை செல்லும் சாலையில் பந்திப்பூரையும் முதுமலையையும் கடப்போர் கண்டு வியக்கும் மஞ்சள் பூமரம் ஒன்று உண்டு. மரம் முழுதும் பொன்னிறம். படத்திற்கு அதனினும் பொருத்தமான பொருள் கிடைப்பது அரிது. அதன் அறிவியற்பெயர் சென்னா ஸ்பெக்டாபிலிஸ். நடு அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் தோன்றி, அழகுக்காகவும் நிழலுக்காகவும் இங்குக் கொணரப்பட்ட மரம். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். அடர்ந்து வளர்ந்த இடத்தில் புல்லையும் நாட்டு மரக்கன்றுகளையும் தலையெடுக்க விடாது. முதுமலையில் இதை அகற்றுவதற்கு நீதிமன்றமும் வனத்துறையும் காகித ஆலையும் ஒன்றுசேர வேண்டியிருந்தது. இம்மரத்தை நாம் 'மஞ்சள் கொன்றை' என்கிறோம். சங்கப் புலவர் முல்லை நிலத்துக்கு உரிமையாக்கிய கொன்றையின் பெயரை அயல்மரம் ஒன்றுக்குத் தானமாகக் கொடுத்துவிட்டோம். 'பொன்மயமான வனம்' என்று தலைப்பிட்டு இதன் படத்தைப் பகிரும் ஒருவர், நோயுற்ற உடலின் நிறத்தைக் கண்டு பொலிவு என்று மெச்சுபவரை ஒத்தவர்.

உண்ணிச்செடியின் கதையும் இதுவே. பிரித்தானியர் தோட்டத்து அழகுக்காகக் கொண்டுவந்த செடி. இன்று இந்தியப் புலி வாழிடப் பரப்பில் 40 விழுக்காட்டுக்கும் மேல் பரவியுள்ளது என்று 2020இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அதன் பூங்கொத்தின்மேல் வண்ணத்துப்பூச்சி அமர்ந்திருக்கும் படத்தைப் பார்க்காத மாணவர் நம்மில் எவருமிலர். அச்செடியின் பெயரும் பூர்விகமும் படத்தின்கீழ் எழுதப்பட்டிருந்ததைப் பார்த்தவர் எத்தனை பேர்?

கொடைக்கானலுக்கு வருவோம். அங்குத் திரைப்படக் குழுக்களும் சுற்றுலாப் பயணிகளும் தவறாது படமெடுக்கும் பைன் காடு இயற்கைக் காடன்று. நட்டு வளர்த்த அயல்மரத் தோட்டம். மரத்தோட்டங்களும் வேளாண்மையும் பெருகியதால் பழனி மலையின் புல்வெளிகள் நான்கு பத்தாண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு சுருங்கின என்பதை 2018இல் வெளியான செயற்கைக்கோள் பட ஆய்வு காட்டியது. இவ்வளவும் நிகழ்ந்தது எவரும் எட்டிப்பார்க்காத மூலையில் அன்று. தென்னாட்டில் கேமராக்கள் மிகுதியாகத் திரியும் மலைகளுள் ஒன்றில். புல் மறைந்ததைக் கேமரா பதியவில்லை. புல்லை அழித்த மரத்தை அழகென்று பதிந்தது.

நீலக்குறிஞ்சிக்கு நேர்ந்ததும் வேறன்று. 2018இல் மூணாற்றில் அது பூத்தபோது நாடே திரண்டது. பூத்த சரிவுகளில் மக்கள் மிதித்தும் பறித்தும் சென்ற நிகழ்வுகள் பல. 2023இல் அச்செடி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் சேர்ந்து, பறிப்பது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும். எஞ்சிய ஆண்டுகளில் அது வெறும் பசும்புதர், அதன் நிலம் வெறும் புல்மேடு. அந்த ஆண்டுகளில்தான் அந்நிலத்தில் சாலை வருகிறது, விடுதி வருகிறது, சீகை மரம் வருகிறது. பூவை மட்டும் நேசிக்கப் பழகிய கண்ணுக்கு அப்போது காப்பாற்றத்தக்க எதுவும் அங்குத் தென்படுவதில்லை.

அழகு காப்பாற்றும் என்போர்க்கு நான் குடியிருக்கும் தேவராஜ மொஹல்லாவே விடை தரும். இங்குள்ள தேவராஜ சந்தையின் பூக்கடைகளைப் படமெடுக்காமல் செல்லும் பயணி அரியர். அத்தனை படங்களும் 2016 ஆகஸ்டில் சந்தையின் வடக்கு வாயிலில் ஒரு பகுதி இடிந்து விழுவதைத் தடுக்கவில்லை. கட்டடத்தைப் பழுதுபார்ப்பதா, இடித்துக் கட்டுவதா என்ற வழக்கும் நெடுநாள் நீடித்தது. பார்க்கப்படுவது ஒன்று, பேணப்படுவது வேறொன்று.

எதிர்த்தரப்பின் வலுவான சான்றையும் எடுத்துக்கொள்கிறேன். 1871இல் வில்லியம் ஹென்றி ஜாக்சன் எடுத்த ஒளிப்படங்கள் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் காட்டப்பட்டன. 1872இல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா பிறந்தது. உண்மை. ஆனால் அப்படங்கள் தனியே செல்லவில்லை. ஹேடன் தலைமையிலான நிலவியல் ஆய்வுக் குழுவின் அறிக்கையோடு சென்றன. எந்த இடம், எத்தகைய நிலம், எது அரியது என்று சொல்லும் எழுத்து படத்தின் பக்கத்தில் நின்றது.

நம்மிடமே இதற்கு முன்னோடி உண்டு. மா. கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு வெள்ளையில்தான் காட்டுயிர்களைப் படமெடுத்தார்; வண்ணத்தின் துணையை நாடவில்லை. 1950 முதல் இறுதிவரை 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் பத்தி எழுதினார், தமிழிலும் எழுதினார். அவருடைய படங்களும் அவருடைய எழுத்தும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. இன்று அவருடைய பெயரைச் சொல்லிப் பெருமைகொள்ளும் நாம் படத்தை வைத்துக்கொண்டு எழுத்தைக் கைவிட்டோம்.

எழுத்தை மட்டுமன்று, மனிதரையும் கைவிட்டோம். இயற்கை ஒளிப்படத்தில் மனிதச் சுவடு பெரும்பாலும் கூடாது என்பது பன்னாட்டுப் போட்டிகளின் விதி. அவ்விதிப்படி சட்டகத்திலிருந்து வெட்டப்படுபவர் யார்? மைசூருக்கு அண்மையில் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர், தரைத்தீ வைக்கும் தம் வழக்கம் தடைசெய்யப்பட்ட பின்னரே உண்ணிச்செடி பெருகியது என்று கூறிவருகின்றனர்; அவ்வறிவை ஆய்வாளர்களும் பதிவுசெய்துள்ளனர். 2011இல் புலிகள் காப்பகம் ஒன்றினுள் சமூக வன உரிமை பெற்ற மக்கள் அவர்கள். காட்டின் வரலாற்றைச் சொல்ல வல்லவரை நீக்கிவிட்டு, காட்டைக் கெடுத்த செடியைச் சட்டகத்தின் நடுவில் நிறுத்துகிறோம். அதற்கு 'தூய இயற்கை' என்று பெயரும் சூட்டுகிறோம்.

கேமராவைக் கீழே வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. துறைத் தலைவர்களிடமும் போட்டி நடத்துவோரிடமும் மாணவரிடமும் நான் கேட்பவை நான்கு. பெயரும் பூர்விகமும் எழுதப்படாத எந்தத் தாவரப் படத்தையும் பரிசுக்கு ஏற்காதீர்கள். அயல் ஆக்கிரமிப்புச் செடியைப் படமெடுத்தால் அதை அவ்வாறே குறிப்பிடுங்கள். அரிய மலரின் துல்லியமான இடத்தைப் பொதுவெளியில் வெளியிடாதீர்கள். பூக்காத ஆண்டின் புல்வெளியையும், அங்கு வாழும் மனிதரையும் படமெடுத்து வாருங்கள். அதற்கும் பரிசு உண்டென்று அறிவியுங்கள்.

இவற்றைச் செய்யாமல் விட்டால் விளைவு தொலைவில் இல்லை. நாளை வனத்துறை மஞ்சள் கொன்றையை வேரோடு அகற்ற வரும்போது, "எவ்வளவு அழகான மரம், ஏன் அழிக்கிறீர்கள்?" என்று முதலில் குரல் எழுப்புவோர் நாம் இயற்கை நேசம் கற்பித்து அனுப்பிய மாணவராகவே இருப்பர். அவர்கள்மீது குற்றம் சுமத்த நமக்கு உரிமை இராது. மறுப்புடையோர் சான்றுடன் மறுக்கட்டும், விவாதத்திற்கு அணியமாயிருக்கிறேன்.