அப்பவே தெரியுமாம்

பத்திரம், பத்திரம் என்று எங்கள் காதில் ஓதினது போதும். இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடு. தனியாக ஒட்டுக்கடைக்குப் போகாதே. வாய்விட்டுச் சிரிக்காதே. துப்பட்டாவை இழுத்துப் போடு. வேன்காரன் பக்கத்து சீட்டில் உட்காராதே. ஜாசின் மாவட்டத்துப் பெம்பானில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் எவளைக் கேட்டாலும் இந்தப் பாடத்தைத் தூக்கத்தில்கூட ஒப்பிப்பாள். அதே வீட்டில், அதே பாயில் புரண்டு வளர்ந்த அண்ணனுக்கும் தம்பிக்கும் என்ன பாடம் நடத்தினீர்கள்? தங்கச்சியைப் பார்த்துக்கொள் என்றீர்கள். உன்னைப் பார்த்துக்கொள், உன் கூட்டாளியைப் பார்த்துக்கொள் என்று ஒரு நாளாவது சொன்னீர்களா?

நான் ஆண்களிடம்தான் பேசுகிறேன். அம்மாக்களிடமும் அத்தைகளிடமும் எனக்குக் கணக்கு இருக்கிறது. அதை வேறு ஒரு நாள் தீர்த்துக்கொள்கிறேன்.

எனக்கு அப்போது பதினாலு வயது. படிவம் இரண்டு. தோட்டத்தின் பெயர் வேண்டாம். இப்போது அங்கே லயமும் இல்லை, பால்மரமும் இல்லை, எல்லாம் செம்பனை. அந்த ஆள் அப்பாவுக்குக் கூட்டாளி, எனக்கு மாமா. திருவிழா என்றால் காப்புக் கட்டி முன்னால் நிற்கிறவர். என்ன நடந்தது என்று எழுத மாட்டேன். அதைக் கேட்டுச் சப்புக்கொட்டுகிறவர்களுக்குத் தீனி போட நான் உட்காரவில்லை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுத வேண்டும்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு ஆண்கள் உட்கார்ந்தார்கள். அம்மாவும் நானும் அடுப்படியில். அந்த ஆளுடைய மகளுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்களாம், அது கெட்டுவிடுமாம். பேசினார்கள். தோட்டத்துப் பேர் போய்விடுமாம். பேசினார்கள். அப்பாவின் மானம், கோயில் காரியம், பெரிய கிராணி காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று எல்லாம் பேசினார்கள். அடுப்படிப் பக்கம் திரும்பி, உனக்கு வலிக்கிறதா பிள்ளை என்று ஒருத்தர் கேட்கவில்லை. கடைசியில் முந்நூறு வெள்ளி என்று முடிந்தது. என்னைச் சிகாமட்டில் அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூடம் அதோடு சரி. அண்ணன் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, “நீ ஏன்டி அந்தப் பக்கம் போன?” அப்பா அதற்கப்புறம் சாகிற வரைக்கும் என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. குற்றம் செய்தவன் முகத்தைப் பார்த்துப் பேச அவருக்கு ஒரு சிரமமும் இருந்ததாகத் தெரியவில்லை. அடுத்த வருசமும் காப்புக் கட்டியது அந்த ஆள்தான்.

சில வருசத்துக்கு முன்னால் அந்த ஆள் செத்துப்போனார். சொந்தம் என்று போய்த் தொலைக்க வேண்டியிருந்தது. வாசலில் அதே பெஞ்சுக் கூட்டத்தில் மிச்சமிருந்த பெரியவர் ஒருத்தர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஆறுதல் சொல்கிறாராம். “எங்களுக்கு அப்பவே தெரியும்மா. மத்தியானத்துல லயத்துப் பக்கம் அவன் சுத்துறத நாங்க பாத்துருக்கோம். ஒனக்கு முந்தியே ரெண்டு புள்ளைங்க.”

எனக்கு முந்தியே இரண்டு பிள்ளைகள்.

இத்தனை வருசமாக என் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது அந்த ஒருத்தன் மேல் உள்ள கோபம் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு அது திசை மாறியது. எனக்கு முன்னால் இரண்டு பேருக்கு நடந்தது தெரிந்து, அந்த ஆள் சுற்றுவதும் தெரிந்து, நீங்கள் வெற்றிலை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். என்னைக் காப்பாற்றச் சினிமாக் கதாநாயகன் யாரும் பறந்து வந்திருக்க வேண்டாம். பொம்பளைகள் எல்லாம் வெளிக்காட்டில் இருக்கிற நேரத்தில் லயத்துப் பக்கம் உனக்கு என்னய்யா வேலை என்று ஒரு வாய் கேட்டிருந்தால் போதும். மூன்றாவது பிள்ளை நான் ஆகியிருக்க மாட்டேன்.

அந்தக் காலம் அப்படிம்மா, நாங்கள் கூலிக்காரர்கள், எங்களால் என்ன முடியும் என்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வருகிறது. உங்கள் அப்பன் பாட்டன்மாரால் முடிந்ததே! 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. ஆர். எச். நாதன் முன்னால் நின்றார். என்னென்ன கேட்டார்கள்? சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி. பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க மாட்டோம். இவற்றோடு சேர்த்து இன்னொன்றும் கேட்டார்கள்: எங்கள் பெண்கள்மேல் துரைமாரும் அவர்களுக்குக் கீழே உள்ள ஆசிய அதிகாரிகளும் கை வைப்பதை நிறுத்த வேண்டும். கூலிக்காரர்கள்தான், படிப்பில்லாதவர்கள்தான். கூலிக் கோரிக்கைக்குப் பக்கத்திலேயே பெண்ணின் மானத்தையும் வைத்தார்கள். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். நாதனை நாடு கடத்தினார்கள். அவ்வளவு விலை கொடுத்துக் கேட்ட கோரிக்கை அது.

கிள்ளான் தூரம் என்பீர்கள். சரி, நம் ஜாசின் மாவட்டத்துக்கே வாருங்கள். 1967இல் புக்கிட் அசகான் தோட்டத்துத் தொழிலாளர்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூர் வரைக்கும் நடந்தே போனார்கள். நம் ஆட்களுக்குக் காலில் பலம் இல்லாமல் இல்லை, வாயில் பேச்சில்லாமலும் இல்லை. துரை கை வைத்தால் அநியாயம், கிராணி கை வைத்தால் அக்கிரமம், நம்ம லயத்து ஆள் கை வைத்தால் மட்டும் குடும்ப விசயம். 1941இல் கேட்ட கேள்வியை லயத்து வாசலில் ஏன் இறக்கிப் போட்டீர்கள்? என் தாத்தா தலைமுறை எனக்காகத் துப்பாக்கிக்கு முன்னால் நின்றது, என் அப்பா தலைமுறை முந்நூறு வெள்ளிக்குச் சம்மதித்தது. எந்தத் தலைமுறையைப் பார்த்து நான் பெருமைப்பட?

மேலே இருக்கிறவர்கள் மட்டும் ஒழுங்கா? 2007 மே மாதம் நாடாளுமன்றத்தில் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேச்சு வந்தது. பத்து காஜா உறுப்பினர் போங் போ குவான் எழுந்து பேச, பத்து காஜாவும்தான் மாதா மாதம் ஒழுகுகிறது என்று கிண்டல் செய்தார் ஒரு உறுப்பினர். எந்த ஊர் உறுப்பினர்? நம் ஜாசின் உறுப்பினர் முகமட் சைட் யூசோப். கினாபாத்தாங்கான் உறுப்பினர் புங் மொக்தாரும் கூடச் சேர்ந்துகொண்டார். பெண்கள் அமைப்புகள் கொதித்தெழுந்த பிறகுதான் மன்னிப்பு வந்தது. அதற்கு முந்தின வருசம், கஸ்டம்ஸ் அதிகாரிகளை ஒரு கண்ணை மூடிக்கொள்ளச் சொன்ன சர்ச்சையில் அடிபட்டதும் இதே ஜாசின் உறுப்பினர்தான். மரக்கட்டை இறக்குமதி விவகாரம் அது, எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஒரு கண்ணை மூடிக்கொள்வது நம் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டிய வித்தை இல்லையே. நாடாளுமன்றத்தில் நடந்தால் செய்தியாவது ஆகிறது. பாசார் மாலாம் வாசலில், மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு, போகிற பிள்ளையின் மார்பைப் பற்றி ஒருத்தன் சொல்ல நாலு பேர் சிரிக்கிறீர்களே, அது எந்தப் பேப்பரில் வருகிறது? சொன்னவனைவிட அந்த நாலு சிரிப்புதான் எனக்குப் பயம். அந்தச் சிரிப்பில்தான் அவன் தைரியம் வாங்குகிறான்.

மாசி மகத்துக்கு மலாக்கா டவுனிலிருந்து சன்னாசிமலைக்கு ரதம் போகும்போது எங்கள் வீட்டுப் பையன்கள் எங்களைச் சுற்றிக் கையைக் கோத்து வட்டம் போட்டு நடப்பார்கள். பாசம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வட்டத்துக்கு வெளியே இருந்து கை நீட்டுகிறவன் யார்? அவனும் ஒரு வீட்டுப் பையன். அவனும் அவன் தங்கச்சியைச் சுற்றி வட்டம் போட்டிருப்பான். அவன் பக்கத்தில் நடந்த கூட்டாளி அந்தக் கையைப் பிடித்து இழுத்திருந்தால் எங்களுக்கு வட்டமே தேவைப்பட்டிருக்காது. நீங்களோ எங்களைச் சுற்றி வேலி கட்டுவதிலேயே கைதேர்ந்துவிட்டீர்கள்.

என் அண்ணன் மகன் நல்ல பிள்ளை. சத்தியமாக நல்ல பிள்ளை. ஒரு நாள் அவன் போன் என் கையில் இருந்தபோது அவர்கள் வாட்சாப் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. யாரோ ஒரு பெண், அவளுக்குத் தெரியாமல் எடுத்தது. பன்னிரண்டு பையன்கள் இருக்கிற குழுவில் ஒருத்தன்கூட இது வேண்டாம்டா என்று எழுதவில்லை. “நான் அனுப்பலையே அத்தை” என்றான். அவன் அப்பன் கேட்டதும் இப்படித்தான் இருந்தது, நீ ஏன் அந்தப் பக்கம் போன என்று. இவன் அந்தப் பக்கமே போகவில்லையாம்.

தமிழ்நாட்டில், பொள்ளாச்சியில் பெண்களுக்கு நடந்த கொடுமையை எல்லாரும் போனில் பார்த்தீர்கள். 2019இல் வெளியான அந்தப் பதிவில், தன்னை அடித்தவர்களை அந்தப் பெண் அண்ணா அண்ணா என்று கூப்பிட்டுக் கெஞ்சியதைக் கேட்டு இங்கே எத்தனை ஆண்கள் அழுதீர்கள்! அவனுகளைச் சுட வேண்டும் என்று எழுதினீர்கள். அந்த வழக்கு வெளியே வந்த கதை தெரியுமா? பாதிக்கப்பட்ட ஒரு பெண் வீட்டில் சொன்னாள். நீ ஏன் அங்கே போன என்று கேட்காமல், அவள் அண்ணன் அவளை நம்பினான். கூட்டாளிகளோடு போய் அந்த ஆட்களைப் பிடித்தான், அவர்கள் போனில் இருந்த படங்களைக் கண்டுபிடித்தான். அதற்காக அவனுக்கு அடியும் விழுந்தது. ஆறு வருசம் கழித்து, 2025 மே 13 அன்று கோயம்புத்தூர் மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை சிறை என்று தீர்ப்புச் சொன்னது. சாட்சி சொன்ன பெண்களில் ஒருத்திகூடப் பின்வாங்கவில்லை. சுட வேண்டும் என்று எழுதுவதற்குக் காசா பணமா? அந்த அண்ணன் செய்ததைச் செய்யத்தான் ஆள் இல்லை.

நம் மலேசியாவில் சட்டம் இல்லை என்று சாக்கு சொல்லாதீர்கள். ரிச்சர்ட் ஹக்கல் என்ற வெள்ளைக்காரன் கோலாலம்பூரில் ஏழைக் குடும்பங்களுக்குள் தொண்டன் வேசத்தில் புகுந்து பிஞ்சுகளை நாசம் செய்தான். 2016இல் லண்டன் நீதிமன்றம் அவனுக்கு 22 ஆயுள் தண்டனை கொடுத்தது. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் இங்கே 2017இல் சிறார் பாலியல் குற்றச் சட்டம் வந்தது. பிள்ளைமேல் தப்பான எண்ணத்தோடு கை வைத்தால் 20 வருசம் வரை சிறை, பிரம்படி. அந்தச் சட்டத்தில் 19ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது, அதை ஒவ்வொரு ஒட்டுக்கடையிலும் எழுதித் தொங்கவிட வேண்டும். இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தும், நடக்கப்போவது தெரிந்தும் தகவல் கொடுக்காதவனுக்கு 5,000 வெள்ளி வரை அபராதம். அப்பவே தெரியும்மா என்று அந்தப் பெரியவர் சொன்னாரே, அந்தத் தெரிதலுக்கு இன்றைக்குச் சட்டத்தில் விலை போட்டிருக்கிறது.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், எங்கள் தாமானில் ஒரு பிள்ளை. பெயரும் வயதும் சொல்ல மாட்டேன், அடையாளம் சொல்வதைச் சட்டமும் தடுக்கிறது. பள்ளிக்கூட வேன்காரன் எல்லாப் பிள்ளைகளையும் இறக்கிவிட்டு இவளை மட்டும் கடைசியாக வைத்துக்கொண்டு செம்பனைப் பாதையில் வேனை நிறுத்துவானாம். அவள் அவளுடைய அம்மாவிடம் சொன்னாள், அவர் என்னிடம் ஓடி வந்தார். குளிப்பாட்டாதே, உடுப்பை மாற்றாதே என்று சொல்லி நேரே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். முதலில் போலிஸ் நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்று இல்லை. அவசரப் பிரிவில் தனி அறை இருக்கிறது, டாக்டர் பார்ப்பார், போலிசும் அங்கேயே வரும். பிள்ளையின் அப்பாவும் வந்தார். கை நடுங்கிக்கொண்டே இருந்தது, ஆனாலும் வந்தார், மகள் பக்கத்தில் உட்கார்ந்தார், நீ ஒண்ணும் தப்பு பண்ணலடா என்றார். அதைக் கேட்டு நான் வெளியே போய் நின்று அழுதேன். அந்த ஒரு வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை.

மறுநாளே அவரிடம் ஆட்கள் வந்துவிட்டார்கள். வேண்டாம்பா, பொம்பளப் புள்ள, பேர் கெட்டுடும், பேசி முடிச்சுக்கலாம். பெஞ்சு போட்டுவிட்டார்கள்! நாற்பது வருசம் கழித்தும் அதே பெஞ்சு. இந்தத் தடவை நான் அடுப்படியில் நிற்கவில்லை. நடுவில் போய் உட்கார்ந்தேன். எவ்வளவு வெள்ளி என்று நினைத்திருக்கிறீர்கள், என் விலை முந்நூறு, இப்போது ஏறியிருக்குமே என்று கேட்டேன். எழுந்து போய்விட்டார்கள்.

விசாரணை செய்கிற இன்ஸ்பெக்டர் ஒன்று கேட்டார். அந்தப் பாதையில் வேன் நிற்பதைப் பார்த்தவர்கள் யாராவது உண்டா? பிள்ளை சாட்சி ஒன்றே போதும் என்று சட்டம் சொல்லலாம். எதிர்த்தரப்பு வக்கீல் அவளைத் துளைக்கும்போது பக்கத்தில் ஒரு பெரிய ஆளின் சாட்சியும் இருந்தால் பிள்ளை மூச்சுவிடும். பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மூன்று பேர். தினமும் அந்த நேரத்தில் கடையில் தேத்தண்ணி குடிக்கிறவர்கள். வேன் ஏன் அந்தப் பக்கம் திரும்புகிறது என்று தங்களுக்குள் பேசிச் சிரித்தவர்கள்.

மூன்று பேர் வீட்டுக்கும் போனேன். ஒருத்தர் தூங்குகிறார் என்று அவர் மனைவி சொன்னார். ஒருத்தர் வேலைக்குப் போய்விட்டார், எப்போது வருவார் என்று தெரியாதாம். மூன்றாவது ஆள், என் தம்பி வயசு, கேட்டைக்கூடத் திறக்காமல், “அக்கா, நமக்கு எதுக்கு வம்பு, எனக்கும் பொம்பளப் புள்ள இருக்கு” என்றான். இருக்கிறதே, அதற்காகத்தானடா கேட்கிறேன்!

திங்கட்கிழமை காலையில் மறுபடியும் வருவேன். 19ஆவது பிரிவை மலாயிலும் தமிழிலும் எழுதி எடுத்து வருவேன். உங்கள் மனைவி, மகள் முன்னால் சத்தமாக வாசிப்பேன். இன்ஸ்பெக்டர் பத்து மணிக்கு இருப்பார், கார் என்னுடையது, பெட்ரோல் என்னுடையது. நீங்கள் ஏறி உட்கார்ந்து, பார்த்ததைச் சொன்னால் போதும். அன்றைக்கும் தூங்குகிறீர்கள் என்று சொன்னால், கேட்டைத் தட்டி எழுப்புவேன்.