எந்த கான்ட்ராஸ்ட் என்று கேளுங்க

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவங்களே, மூளைக்கு எம்ஆர்ஐ 'வித் கான்ட்ராஸ்ட்' என்று எழுதித் தந்தால், அது கடோலினியம் ஊசி. உடம்பெல்லாம் சூடேறும்னு சொல்வாங்களே, அது பெரும்பாலும் சி.டி. ஸ்கேனுக்குப் போடும் அயோடின் மருந்து.

கடோலினியத்தில் மேக்ரோசைக்ளிக், லீனியர்னு இரண்டு வகை. முன்னது உலோகத்தைக் கூண்டு போல இறுக்கிப் பிடிக்கும். லீனியரின் பிடி தளர்வு. மூளையில் அதிகம் தங்கும். அதனால் மூளைக்குக் கெடுதல்னு நிரூபணமில்லை. ஆனாலும் 2017-ல் ஐரோப்பா கடோடையமைடை நிறுத்தியது. சரிதான், கூண்டு வகை இருக்கும்போது மற்றது எதுக்கு?

கடோடெரேட், கடோபியூட்ரால் ரெண்டும் கூண்டு வகை. ரிப்போர்ட்டில் மருந்துப் பேரை எழுதித் தரச் சொல்லுங்க. கிட்னி கோளாறு, கர்ப்பம், பழைய அலர்ஜி இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. பயந்து ஊசியே வேண்டாம்னு மட்டும் சொல்லாதீங்க. சின்னக் கட்டி அது இல்லாமல் கண்ணில் படாமலே போகலாம்.